நீல் யங்கின் ‘ஹார்வெஸ்ட்’: நான்கு இடங்களில் பதிவான பாடல்கள் ஓர் ஆல்பமாக நிற்கின்றனவா?

ஊசித்தடம் எழுதியது:

கனடாவில் பிறந்த பாடகர் நீல் யங்கின் ‘ஹார்வெஸ்ட்’ 1972 பிப்ரவரியில் வெளிவந்தது. அந்த ஆண்டில் அமெரிக்காவில் மிக அதிகமாக விற்ற ஆல்பம் அதுவே. அதிலுள்ள ‘ஹார்ட் ஆஃப் கோல்ட்’, அவருடைய பாடல்களில் அமெரிக்கத் தரவரிசையின் முதலிடத்தைத் தொட்ட ஒரே பாடல். இவ்வளவு பேர் கேட்ட ஆல்பத்தைப் பற்றி ரசிகர்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் குறை ஒன்று உண்டு: இது ஒரே மூச்சில் உருவானதன்று, ஆங்காங்கே பதிவானவற்றைச் சேர்த்து ஒட்டுப்போட்ட தொகுப்பு என்பது. அக்குறையை விரிவாகப் பேசவே இந்த இழையைத் தொடங்குகிறேன்.

பதிவு நடந்த விதம் அக்குறைக்கு இடம் கொடுக்கத்தான் செய்கிறது. 1971 பிப்ரவரியில் பாடகர் ஜானி கேஷின் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்காக நாஷ்வில் நகருக்கு வந்த யங், தயாரிப்பாளர் எலியட் மேசரைச் சந்தித்து, தமக்கு ஒரு டிரம்ஸ் கலைஞரும் பேஸ் கலைஞரும் பெடல் ஸ்டீல் கலைஞரும் வேண்டும் என்று கேட்டார். அப்படித் திரட்டப்பட்டவர்கள்தாம் கென்னி பட்ரி, டிம் டிரம்மண்ட், பென் கீத் ஆகியோர். குவாட்ராஃபோனிக் ஒலிப்பதிவுக் கூடத்தில் தொடங்கிய அந்த உறவிலிருந்து ‘அவுட் ஆன் தி வீக்கெண்ட்’, ‘ஹார்வெஸ்ட்’, ‘ஹார்ட் ஆஃப் கோல்ட்’, ‘ஓல்ட் மேன்’ ஆகிய நான்கு பாடல்கள் கிடைத்தன. அதே நிகழ்ச்சிக்கு வந்திருந்த லிண்டா ரான்ஸ்டாட்டும் ஜேம்ஸ் டெய்லரும் பின்னணி பாடினார்கள். ‘ஓல்ட் மேன்’ பாடலில் கேட்கும் ஆறு தந்தி பாஞ்சோவை வாசித்தவரும் டெய்லரே. பின்னர் லண்டன் சிம்பொனி இசைக்குழுவுடன் லண்டனின் பார்க்கிங் (Barking) பகுதியிலுள்ள நகர மண்டபத்தில் இரண்டு பாடல்கள் பதிவாயின. அதே ஆண்டு இலையுதிர் காலத்தில் கலிபோர்னியாவிலுள்ள தம் பண்ணையின் கொட்டகைக்குள் ஒலிப்பதிவு வண்டியின் துணையோடு மூன்று பாடல்களை அவர் பதிவுசெய்தார். எஞ்சிய ஒன்றான ‘தி நீடில் அண்ட் தி டேமேஜ் டன்’, 1971 ஜனவரி 30 அன்று லாஸ் ஏஞ்சலஸ் பல்கலைக்கழக வளாகத்தின் ராய்ஸ் அரங்கில் மக்கள் முன்னிலையில் தனியாக அமர்ந்து பாடியது.

என் கருத்து இதுதான்: இந்தப் பத்துப் பாடல்களையும் பிணைப்பது ஒலிப்பதிவுக் கூடமும் அன்று, இசைக்குழுவும் அன்று. பாடுபவரின் குரலைச் சுற்றி எவ்வளவு இடத்தை வெறுமையாக விட வேண்டும் என்ற ஒரே தீர்மானம்தான் பிணைக்கிறது. முதுகெலும்பின் வட்டு விலகியதால் அக்காலத்தில் யங்கால் கனமான மின் கிட்டாரை நின்றுகொண்டு நெடுநேரம் வாசிக்க முடியவில்லை. 1971 ஆகஸ்டில் அறுவை சிகிச்சையும் நடந்தது. உட்கார்ந்து, எடை குறைந்த மரக் கிட்டாரையும் கழுத்தில் மாட்டிய ஹார்மோனிகாவையும் கொண்டு பாட வேண்டிய நிலைதான் ஆல்பத்தின் பெரும்பகுதிக்கு வடிவம் கொடுத்தது. உடல் இட்ட எல்லையை அவர் இசையின் எல்லையாகவே ஏற்றுக்கொண்டார் என்று எனக்குத் தோன்றுகிறது. மாற்றுக் கருத்துடையோர் எழுத வேண்டுகிறேன்.

கருங்காலி எழுதியது:

இழையைத் தொடங்கியமைக்கு நன்றி. நாஷ்வில் பாடல்கள் நான்கையும் பொறுத்தவரை உங்கள் கருத்தை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் வெறுமையான இடம் என்ற அளவுகோலை வைத்துக்கொண்டு, லண்டன் சிம்பொனியோடு பதிவான இரண்டு பாடல்களையும் அதே கணக்கில் சேர்ப்பது எப்படி என்று விளங்கவில்லை. ‘எ மேன் நீட்ஸ் எ மெய்ட்’ பாடலில் வயலின்களும் மணிகளும் முழங்கி எழும்போது குரல் அவற்றின் அடியில் அமிழ்ந்துபோகிறது. ‘தேர்ஸ் எ வேர்ல்ட்’ இன்னும் மோசம். அதில் பாடலென்று சொல்லத்தக்க மெட்டே மெலிந்திருக்க, அதைத் தாங்கிப்பிடிக்கும் பொறுப்பு முழுவதும் இசைக்குழுவின் மேல் விழுகிறது.

வெளியான காலத்திலேயே இத்தகைய மனக்குறை எழுந்தது. ரோலிங் ஸ்டோன் இதழில் ஜான் மெண்டல்சன் எழுதிய மதிப்புரை ஆல்பத்துக்குச் சாதகமாக இல்லை. யங்கின் முந்தைய துணைக்குழுவான கிரேஸி ஹார்ஸோடு ஒப்பிட்டு, ஸ்ட்ரே கேட்டர்ஸ் என்று பெயர் பெற்ற இந்த நாஷ்வில் கலைஞர்களை அவர் குறைவாகவே மதிப்பிட்டார். கலைஞர்களைப் பற்றிய அம்மதிப்பீடு நியாயமற்றது என்பது என் கருத்து. ஆயினும் ஆல்பம் தன் வலிமை எதில் இருக்கிறதென்று தானே அறியாமல் இரண்டு இடங்களில் வழி தவறுகிறது என்ற எண்ணம் எனக்கு மாறவில்லை.

இன்னொன்றையும் கருத வேண்டும். 1977-இல் வெளியான ‘டிகேட்’ தொகுப்பில் யங் தம் கையால் எழுதிய குறிப்பில், ‘ஹார்ட் ஆஃப் கோல்ட்’ தம்மை நடுச்சாலையில் கொண்டுபோய் நிறுத்தியதாகவும், அங்கே பயணம் செய்வது விரைவிலேயே சலித்துவிட்டதால் சாலையோரப் பள்ளத்தை நோக்கித் திரும்பியதாகவும் சொல்கிறார். அதையடுத்து வந்த ‘டைம் ஃபேட்ஸ் அவே’, ‘ஆன் தி பீச்’, ‘டுநைட்ஸ் தி நைட்’ ஆகிய மூன்று ஆல்பங்களையும் கேட்டவர்களுக்கு, படைத்தவரே விட்டு விலகிய ஒலி இது என்பது தெரியும்.

தந்திமீட்டி எழுதியது:

பெடல் ஸ்டீல் கற்றுக்கொண்டிருப்பவன் என்ற முறையில், ஸ்ட்ரே கேட்டர்ஸ் கலைஞர்களின் வாசிப்பைப் பற்றிச் சற்று நீளமாகவே எழுத விரும்புகிறேன். இந்த ஆல்பத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது என்று நம்புகிறேன்.

பெடல் ஸ்டீல் என்பது மேசைபோல் கிடத்தி வைத்து வாசிக்கும் கருவி. வழக்கமாகப் பத்துத் தந்திகள் இருக்கும். இடக்கையில் பிடித்த எஃகு உருளை தந்திகளின் மேல் வழுக்கிச் செல்லும். வலக்கை விரல்களில் மாட்டிய நகங்கள் மீட்டும். காலடியிலுள்ள மிதிகளும் முழங்காலால் தள்ளும் நெம்புகோல்களும் குறிப்பிட்ட தந்திகளின் சுருதியை மட்டும் ஏற்றி இறக்கும். ஆகவே ஒலித்துக்கொண்டிருக்கும் மூன்று சுரங்களில் ஒன்று மட்டும் மெல்ல நகர்ந்து வேறொரு சுரமாக மாறுவதை நாம் கேட்கிறோம். அமெரிக்க நாட்டுப்புற மரபில் வளர்ந்த கன்ட்ரி இசையில் அழுகையின் சாயல் என்று பலர் உணர்வது இந்த நகர்வைத்தான். இவற்றோடு ஒலியளவை ஏற்றி இறக்கும் மிதி ஒன்றும் உண்டு. மீட்டும் கணத்தில் ஒலியைத் தணித்து, பிறகு ஏற்றினால், சுரம் எங்கிருந்து தொடங்கியது என்றே தெரியாமல் காற்றிலிருந்து வருவதுபோல் கேட்கும்.

பென் கீத் இந்த ஒலியளவு மிதியின் பேராசான். பாட்ஸி க்ளைன் பாடி 1961-இல் வெளிவந்த ‘ஐ ஃபால் டு பீசஸ்’ பாடலில் வாசித்தவர் அவர். விரைவாக ஓடும் அலங்கார வாசிப்பில் நாஷ்வில் கலைஞர் எவருக்கும் இளைத்தவரல்லர். ஆனால் ‘அவுட் ஆன் தி வீக்கெண்ட்’ பாடலைக் காதோடு ஒட்டிக் கேளுங்கள். ஒவ்வொரு வரியும் முடிந்தபின் ஒன்றோ இரண்டோ நீண்ட சுரங்கள் வருகின்றன. அடுத்த வரி தொடங்குமுன் அவை விலகிவிடுகின்றன. தம் திறமையைக் காட்டும் ஆசை சிறிதுமின்றி, பாடுபவர் மூச்சு வாங்கும் இடத்தை மட்டும் அவர் நிரப்புகிறார்.

கென்னி பட்ரியின் கதை இதைவிடச் சுவையானது. பாப் டிலனின் ‘ப்ளாண்ட் ஆன் ப்ளாண்ட்’, ‘ஜான் வெஸ்லி ஹார்டிங்’, ‘நாஷ்வில் ஸ்கைலைன்’ ஆகிய ஆல்பங்களில் வாசித்த அனுபவசாலி அவர். அப்படிப்பட்டவரிடம், தாளத் தட்டுகளை விட்டுவிடுங்கள், நிரப்பு அடிகள் வேண்டாம், கால் டிரம்மும் கையால் அடிக்கும் ஸ்நேர் டிரம்மும் போதும் என்ற பாங்கில் யங் ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டே போனார். உலகின் தேர்ந்த கலைஞர்களை அழைத்துவந்து, முடிந்தவரை அறிவற்ற முறையில் வாசிக்கச் சொல்கிறார் என்று பட்ரி பின்னாளில் மனக்கசப்போடு நினைவுகூர்ந்தார். அந்த மனக்கசப்பு எனக்குப் புரிகிறது. ஆனால் ‘ஹார்ட் ஆஃப் கோல்ட்’ பாடலின் அடி ஒவ்வொன்றும் அடுத்த அடிவரை தாமதித்து, கதவு சாத்துவதைப் போலத் தனித்து விழுவதைக் கேட்கும்போது, அந்தக் கட்டுப்பாட்டை விதித்தவர் காது எதைத் தேடியது என்பதும் புரிகிறது. அரை நூற்றாண்டாக எத்தனையோ குழுக்கள் இப்பாடலைப் பின்பற்றி வாசித்தும் அந்த நடை வாய்க்கவில்லை. ஏதாவதோர் இடத்தில் டிரம்ஸ் கலைஞரின் கை தானாகவே ஒன்றைக் கூட்டிவிடுகிறது.

நண்பர் கருங்காலி அவர்கள் நடுச்சாலைக் குறிப்பை நினைவூட்டினார். அந்தச் சாலையில் எவ்வளவு பேர் பின்தொடர்ந்தார்கள் என்பதற்கு ஒரு செய்தி: 1972 மார்ச்சில் ‘ஹார்ட் ஆஃப் கோல்ட்’ பாடலை முதலிடத்திலிருந்து இறக்கியது அமெரிக்கா என்ற குழுவின் ‘எ ஹார்ஸ் வித் நோ நேம்’. அதைப் பாடுவது யங்தான் என்று எண்ணியவர்கள் அக்காலத்திலேயே பலர் இருந்தார்கள்.

ஊசித்தடம் எழுதியது:

தந்திமீட்டி அவர்களின் பதிவை இருமுறை படித்தேன். நான் பொதுப்படையாகச் சொன்னதற்கு அவர் கைவினையின் சான்றைக் கொடுத்துவிட்டார்.

கருங்காலி அவர்களின் வினாவுக்கு வருகிறேன். இசைக்குழுப் பாடல்கள் திடீரென முளைத்தவை அல்ல. அவற்றுக்கு இசை அமைத்த ஜாக் நிட்சே, இசைத் தயாரிப்பாளர் ஃபில் ஸ்பெக்டரிடம் பணியாற்றியவர். 1967-இல் தாம் அங்கம் வகித்த பஃபலோ ஸ்பிரிங்ஃபீல்ட் குழுவுக்காக யங் எழுதிய ‘எக்ஸ்பெக்டிங் டு ஃப்ளை’ பாடலுக்கு இத்தகைய இசைக்குழு அமைப்பைச் செய்தவரும் அவரே. அந்த நீண்ட கூட்டுறவின் தொடர்ச்சியாகவே லண்டன் பதிவைப் பார்க்கிறேன்.

1971 ஜனவரி 19 அன்று டொராண்டோவின் மாஸி அரங்கில் யங் தனியாகப் பாடிய நிகழ்ச்சி 2007-இல் ஆல்பமாக வந்தது. அதில் ‘எ மேன் நீட்ஸ் எ மெய்ட்’ பாடலைப் பியானோவில் தொடங்கி, இடையில் ‘ஹார்ட் ஆஃப் கோல்ட்’ வரிகளுக்குள் நுழைந்து, இரண்டையும் ஒரே பாடலாகக் கோத்துப் பாடுகிறார். அதைக் கேட்டபின் ஆல்பத்தின் முதல் பக்கம் எனக்கு வேறு மாதிரி ஒலிக்கத் தொடங்கியது. இசைத்தட்டில் இவை மூன்றாவது, நான்காவது பாடல்களாக அடுத்தடுத்து இருப்பது தற்செயலாக இருக்க முடியாது. ஒரே மன நிலையின் இரண்டு பாதிகள் அவை. முதற்பாதியில் தனிமை பேருருவம் எடுத்து நிற்கிறது. இரண்டாவதில் அதே மனிதர் கிட்டாரோடு எழுந்து சாலையில் நடக்கத் தொடங்குகிறார். இசைக்குழு அவ்வளவு உயரத்துக்கு எழுந்து ஓய்ந்ததால்தான், அடுத்து வரும் பட்ரியின் இரண்டு அடிகள் அவ்வளவு எளிமையாகக் கேட்கின்றன.

‘தேர்ஸ் எ வேர்ல்ட்’ பாடலுக்காக வாதாட என்னிடம் எதுவும் இல்லை. மெட்டு மெலிந்தது என்று நீங்கள் சொன்னது சரி.

வேங்கைமரம் எழுதியது:

இசையமைப்பைப் பற்றி இவ்வளவு நுணுக்கமாகப் பேசியவர்கள், ‘எ மேன் நீட்ஸ் எ மெய்ட்’ என்ன சொல்கிறது என்பதைத் தொடாமலே கடந்துவிட்டது எனக்கு வருத்தமளிக்கிறது. வீட்டைத் துப்புரவாக வைத்து, உணவு சமைத்துவிட்டுப் போய்விடும் ஒரு பணிப்பெண் இருந்தால் போதுமே என்று ஓர் ஆண் எண்ணுவதை அப்பாடல் பாடுகிறது. இதைக் கேட்டுப் பெண்கள் பலர் முகம் சுளித்தது இயல்பே. அந்தச் சொற்களை உலகின் புகழ்பெற்ற இசைக்குழு ஒன்று தாங்கிப்பிடிக்கும்போது, சொந்தத் தயக்கமாக இருந்திருக்கக்கூடியது ஒரு பிரகடனத்தின் தோற்றத்தைப் பெறுகிறது. கருங்காலி அவர்களின் குறையை இசையின் பக்கமிருந்தல்லாமல், இந்தப் பக்கத்திலிருந்து நான் ஏற்கிறேன்.

அதே பாடலின் பிற்பகுதியில், ஒரு திரைப்படத்தில் நடித்த பெண்ணைக் கண்டு காதல் கொண்டதாக வருகிறது. அந்த நடிகை கேரி ஸ்னாட்கிரஸ். படம் 1970-இல் வெளியான ‘டைரி ஆஃப் எ மேட் ஹவுஸ்வைஃப்’. அப்படத்தில் அவர் ஏற்ற வேடம், கணவனின் ஓயாத ஏவல்களுக்கும் இகழ்ச்சிக்கும் இடையில் நசுங்கும் ஓர் இல்லத்தரசி. வீட்டுவேலையால் மூச்சுத் திணறும் பெண்ணைத் திரையில் கண்டு மனம் பறிகொடுத்தவர், அதே பாடலில் வீட்டுவேலைக்கு மட்டும் ஒரு பெண் போதும் என்கிறார். பாடலாசிரியர் இந்த முரணை உணர்ந்து எழுதினாரா என்பதைப் பாடலிலிருந்து முடிவுசெய்ய இயலாது. உணர்ந்திருந்தாலும் உணராவிட்டாலும், காதலை ஏற்றால் தன் வாழ்வை மாற்ற வேண்டியிருக்குமே என்ற அச்சம் அதில் மறைவின்றித் தெரிகிறது. மாஸி அரங்கில் பியானோவோடு மட்டும் கேட்கும்போது அந்த அச்சம் முன்னால் வருகிறது. லண்டன் பதிவில் பின்னால் போய்விடுகிறது. உங்கள் இழையின் அளவுகோலின்படியே பார்த்தால், வெறுமையான இடம் மிகவும் தேவைப்பட்ட பாடலுக்கு அது மறுக்கப்பட்டிருக்கிறது.

அதற்கு நேர்மாறாக ‘ஓல்ட் மேன்’ பாடலை நான் பெரிதும் மதிக்கிறேன். 1970-இல் யங் வாங்கிய பண்ணையை அதற்கு முன்பிருந்தே பராமரித்து வந்தவர் லூயிஸ் அவிலா என்ற முதியவர். இவ்வளவு இளையவரிடம் இந்த நிலத்தை வாங்கப் பணம் எப்படி வந்தது என்று வியந்தவரிடம், 24 வயதுக்காரர் ஒருவர் தாமும் அவரும் ஒரே தேவைகளையுடைய மனிதர்களே என்று சொல்கிறார். செல்வம் படைத்த முதலாளி தம் பண்ணையில் வேலை செய்பவரிடம் இதைச் சொல்வதிலுள்ள சிக்கலை மறக்க முடியாதுதான். ஆனாலும் அப்பாடல் முதியவரை நிமிர்ந்து பார்த்துக் கேட்கிறது. அறிவுரை எதுவும் சொல்வதில்லை.

கருங்காலி எழுதியது:

வேங்கைமரம் அவர்கள் கடைசியாகச் சொன்னது ‘அலபாமா’ பாடலுக்குப் பொருத்தமான அளவுகோல். அங்கே யங் அறிவுரைதான் சொல்கிறார். அமெரிக்கத் தென் மாநிலங்களின் இனவெறியை 1970-இல் ‘சதர்ன் மேன்’ பாடலில் ஏற்கெனவே சாடியவர், இங்கே ஒரு மாநிலத்தையே பெயர் சொல்லி விளிக்கிறார். அதற்கு விடையாகத் தென் மாநிலத்து ராக் குழுவான லைனர்ட் ஸ்கைனர்ட் 1974-இல் ‘ஸ்வீட் ஹோம் அலபாமா’ பாடலில் யங்கின் பெயரையே குறிப்பிட்டுப் பாடியது அனைவரும் அறிந்தது. 2012-இல் வெளிவந்த தம் நினைவுநூலில், அந்த அடி தமக்குத் தகுந்ததே என்றும், தம் பாடலின் சொற்கள் குற்றஞ்சாட்டும் தொனியிலும் மேலிருந்து பேசும் தொனியிலும் அமைந்துவிட்டன என்றும் யங் எழுதினார். இரு தரப்புக்கும் தீராப் பகை இருந்ததுபோல் இன்றும் எழுதப்படுவது தவறு. ஸ்கைனர்ட் குழுவின் 1977 ஆல்ப அட்டைப்படத்தில் பாடகர் ரானி வான் ஸாண்ட் அணிந்திருப்பது யங்கின் ‘டுநைட்ஸ் தி நைட்’ படம் அச்சிட்ட சட்டை.

சாடப்பட்ட கொடுமை உண்மையானது. அதைப் பாடியதில் பிழையில்லை. பாடலின் குறை, அதில் ஒரு மனிதர்கூட இல்லை என்பது. இதற்கு நேர் அடுத்து வரும் ‘தி நீடில் அண்ட் தி டேமேஜ் டன்’ இரண்டு நிமிடமே நீளமுள்ளது. ஒரு கிட்டார், ஒரு குரல். ஆனால் அதில், யங்கின் கண்ணெதிரே ஹெராயின் போதையால் அழிந்துகொண்டிருந்த நண்பர் இருக்கிறார். அவர், கிரேஸி ஹார்ஸ் குழுவின் கிட்டார் கலைஞர் டேனி விட்டன், 1972 நவம்பர் 18 அன்று இறந்தார். பலர் இதை இரங்கற்பாவாக எண்ணுகிறார்கள். ஆனால் அரங்கில் பாடப்பட்டபோது விட்டன் உயிரோடிருந்தார், ஆல்பம் வெளிவந்தபோதும் இருந்தார். அதனால்தான் அதைக் கேட்பது எனக்குக் கடினமாக இருக்கிறது. அது காப்பாற்ற முயலும் பாடல்.

தந்திமீட்டி எழுதியது:

அந்தப் பாடல் முடிந்ததும் என்ன நிகழ்கிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ராய்ஸ் அரங்கின் கைதட்டல் அடங்குமுன்பே அறுபட்டு, கொட்டகையில் பதிவான ‘வேர்ட்ஸ்’ பாடலின் மின் கிட்டார் குறுக்கே வந்து விழுகிறது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு அவர் மீண்டும் மின் கிட்டாரை எடுத்தது இந்தக் கொட்டகைப் பாடல்களில்தான். ‘வேர்ட்ஸ்’ பாடலின் இடையிசைப் பகுதி ஆறும் ஐந்துமாகப் பதினோர் எண்ணிக்கையில் நடக்கிறது. அதுவரை இரண்டிரண்டாகவும் நான்கு நான்காகவும் பழகிய காதுக்கு ஒவ்வொரு சுற்றிலும் ஓர் அடி குறைந்துபோகிறது. பட்ரி அங்கேயும் எதையும் கூட்டாமல் அந்தத் தடுமாற்றத்தை அப்படியே விடுகிறார். கொட்டகையின் மரச்சுவர்களில் மோதித் திரும்பும் ஒலியை யங் எவ்வளவு விரும்பினார் என்பதற்குக் பாடகர் கிரஹாம் நாஷ் சொல்லும் கதை உண்டு: பண்ணையின் ஏரியில் படகில் அவரை அமர்த்தி, வீட்டை ஓர் ஒலிபெருக்கியாகவும் கொட்டகையை இன்னொன்றாகவும் ஆக்கிப் பதிவைப் போட்டுக் கேட்கச் செய்தாராம்; எப்படி இருக்கிறது என்று கரையிலிருந்து மேசர் கேட்டபோது, கொட்டகையைக் கூட்டுங்கள் என்று யங் கத்தினாராம்.

இது கன்ட்ரி இசையா என்று ஐயுறுவோருக்கு ஒன்று: ‘ஆர் யூ ரெடி ஃபார் தி கன்ட்ரி’ பாடலைக் கன்ட்ரி பாடகர் வேலன் ஜென்னிங்ஸ் எடுத்துப் பாடி, 1976-இல் தம் ஆல்பத்துக்கே அப்பெயரை இட்டார்.

ஊசித்தடம் எழுதியது:

வேங்கைமரம் அவர்களின் வாதம் வலுவானது. மாஸி அரங்கப் பதிவை என் தரப்புக்குச் சான்றாகக் கொண்டுவந்தேன். அது அவர் தரப்புக்கும் அதே அளவு பயன்படுகிறது. முதல் பக்கத்தின் அந்த ஏற்ற இறக்கம் எனக்கு இன்னும் தேவையாகவே படுகிறது.

எனினும் ‘தேர்ஸ் எ வேர்ல்ட்’ இருக்கும் இடத்தில் வேறெது இருந்திருக்கலாம் என்று பேசுவதற்கு இப்போது நம்மிடம் பொருள் உண்டு. 2022 டிசம்பரில் வந்த ஐம்பதாம் ஆண்டுப் பதிப்பில், ஆல்பத்தில் இடம்பெறாத மூன்று பாடல்கள் சேர்க்கப்பட்டன. அவற்றுள் ‘ஜர்னி த்ரூ தி பாஸ்ட்’ ஸ்ட்ரே கேட்டர்ஸோடு பதிவானது. யங் பியானோவில் அமர, கீத்தின் பெடல் ஸ்டீல் வழக்கம்போல் வரி முடிந்தபின்தான் வருகிறது. ‘ஓல்ட் மேன்’ பாடலில் முதியவரிடம் பேசியவர், அடுத்ததாகத் தாம் விட்டுவந்த கனடாவை நினைக்கும் இப்பாடலைப் பாடிவிட்டு, அதன்பின் ‘அலபாமா’வுக்குச் சென்றிருந்தால், சொந்த மண்ணை இழந்த ஒருவர் இன்னொரு மண்ணைப் பார்த்துப் பேசுவதாக அது கேட்டிருக்கும். கருங்காலி அவர்கள் அப்பாடலில் இல்லையென்று சொன்ன அந்த மனிதர் அப்போது பாடுபவராகவே இருந்திருப்பார். இந்த வரிசையில் இரண்டாம் பக்கத்தை ஒருமுறை கேட்டுவிட்டு உங்கள் கருத்தை எழுதுங்கள்.

கருங்காலி எழுதியது:

கேட்டேன். ‘அலபாமா’வின் சொற்கள் மாறாததால் அறிவுரைத் தொனி அப்படியே இருக்கிறது, ஆனால் அதற்குமுன் வரும் இடைவெளி நிரம்பிவிடுகிறது. இந்த மாற்றத்துக்கு என் முழு ஆதரவு உண்டு. ‘எ மேன் நீட்ஸ் எ மெய்ட்’ பாடலைப் பொறுத்தவரை, வேங்கைமரம் அவர்களின் பக்கமே நிற்கிறேன்.